பல்சக்கர ரயிலும் மூன்றாவது குரலும்

கொல்லிமலைச் செம்மேட்டிலிருந்து நாமக்கல்லுக்கு அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் தூக்கத்தில்கூடத் திருப்பிவிடுவேன் என்று டீக்கடையில் பீற்றிக்கொள்வது என் வழக்கம். அப்படிப்பட்டவனை ஸ்டியரிங்கே இல்லாத ஒரு வண்டியில் உட்காரவைத்துப் பனிமலைக்கு அனுப்பினாள் என் மனைவி காளியம்மா. ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அவள் தம்பி ராசுவைக் கூட்டி வர.

ராசுவுக்கு சுவிட்சர்லாந்தில் ஒரு மலை உச்சி ஹோட்டலில் சமையற்கட்டு வேலை. பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்களுக்காகவே இருக்கும் ஊர் அது. ரோடு கிடையாது, பல்சக்கர ரயில் ஒன்றுதான் வழி. அதற்கு முந்தின குளிர்காலத்தில் திண்ணனூர் நாட்டில் (எங்கள் மலையில் ஊர்க்கூட்டத்தை நாடு என்போம்) இருந்த அவன் மனைவி மலர் காய்ச்சலில் படுத்தாள், எழுந்திருக்கவே இல்லை. செய்தி போய்ச் சேர்ந்தபோது மேலே பனிப்புயல் அடித்ததால் ரயிலை நிறுத்திவைத்திருந்தார்கள். அவன் கீழே இறங்க வழி பிறப்பதற்குள் இங்கே அடக்கம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் ஊர்ப்பக்கம் வரவே இல்லை.

அவன் மகள் இனியா எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். அப்பா எப்ப வரும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, ஒரு கட்டத்தில் கேட்பதையே விட்டுவிட்டது. அதைத்தான் என் மனைவியால் தாங்க முடியவில்லை.

"ஏனுங்க, அவனெக் கூட்டிக்கிட்டு வராம இந்த ஊட்டுப் படி ஏறிராதீங்க" என்று சொல்லிவிட்டாள். டிக்கெட்டும் விசாவும் வாங்க நான் பட்ட பாடு எனக்கே அலுத்துப்போன கதை, அதை விட்டுவிடுகிறேன்.

முதல் நாள் சாயங்காலம் மலையடிவார ஸ்டேஷனில் நின்றபோது பல் தந்தியடித்தது. என் மனைவி பின்னிக் கொடுத்த மப்ளர் கொல்லிமலை மார்கழிக்குத்தான் சரி. ரயில் என்று வந்து நின்றது சிவப்பு நிறத்தில் இரண்டே பெட்டி. நான் முதல் வேலையாகக் குனிந்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். டிரைவர் புத்தி போகுமா. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு தண்டவாளம், ரம்பத்தை மல்லாத்திப் போட்டதுபோலப் பல் பல்லாக இருந்தது. ரயிலின் அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கடித்துப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது.

பக்கத்து இருக்கையில் இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள். மேலே வேறொரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிறவள். நான் இருக்கையின் கம்பியை இறுக்கிப் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, "பயப்பிடாதேங்கோ அண்ணை, இது ஏறினால் ஏறினதுதான், வழுக்காது" என்றாள். முப்பது வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவனுக்கு ஆறுதல் சொல்ல ஆள் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு சிரித்துவைத்தேன்.

ரயில் நடக்கும் வேகத்தில்தான் ஏறியது. எங்கள் மலையில் ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடிக்க வேண்டும், எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. இங்கே எதிரே எதுவும் வராது. ஆனாலும் எனக்கு எங்கள் மலைதான் தைரியமாக இருந்தது. இங்கே இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனிச்சுவர், அதற்கு மேல் மூடுபனி. அடியில் பல் கடிக்கும் சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. காக்கை, குருவி, தவளை, எதுவுமே சத்தம் போடாத ஒரு மலையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாதி வழியில் மணி அடித்தது. சிறிய நிறுத்தங்களில் ஏறுகிறவர்கள் வெளியே இருக்கும் பொத்தானை அழுத்தினால்தான் ரயில் நிற்கும் என்று அந்தப் பெண் சொன்னாள். ரயில் நின்றது. கதவு திறந்தது. ஒரு கூரை, ஒரு பெஞ்சு, அவ்வளவுதான் அந்த நிறுத்தம். யாரும் ஏறவில்லை. டிரைவர் எட்டிப் பார்த்தார், கொஞ்ச நேரம் காத்திருந்தார், கதவை மூடினார். எதிரே சறுக்குப் பலகைகளோடு உட்கார்ந்திருந்த வயதானவர் தன் மனைவியிடம் ஏதோ முணுமுணுத்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"'திரும்பவும் இங்கைதான்' எண்டு சொல்லுறார்" என்றாள் அந்தப் பெண்.

மேல் ஸ்டேஷனில் ராசு நின்றிருந்தான். பாதியாக இளைத்திருந்தான். "வாங்க மாமா" என்று பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பான் என்று ஹோட்டல் வாசல்வரை எதிர்பார்த்தேன், கேட்கவில்லை.

இரண்டாம் நாள் வெயில் அடித்தது. சின்னஞ்சிறு பிள்ளைகள்கூடக் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு சரிவில் வழுக்கிப் போயின. அவ்வளவு உயரம் ஏறுவதே உடனே வழுக்கிக் கீழே வரத்தானாம். எங்கள் ஊரில் இதற்காக ஒருவன் ஐந்தாறு தடவை மலை ஏறினால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பாலாடைக்கட்டியை உருக்கி ஒரு சட்டியில் வைத்து, அதில் ரொட்டித் துண்டை முக்கித் தின்னச் சொன்னார்கள். நம் களியைக் குழம்பில் முக்குவது மாதிரிதான், ஆனால் காரம் என்ற பேச்சே இல்லை. ராசு என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் கொண்டுபோயிருந்த கொல்லிமலை மிளகில் ரசம் வைத்துக் கொடுத்தான். தலைமைச் சமையல்காரர் சளியோடு திரிந்தவர், அவரும் இரண்டு கிண்ணம் குடித்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னதை ராசு மொழிபெயர்த்தான்: "இவன் நல்ல வேலைக்காரன். ஆனால் இவனைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். மூடுபனி வந்தால் இவன் இவனாக இல்லை." தன்னைப் பற்றிய இதையும் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னான்.

சாப்பிட்டதும் அவனை உட்காரவைத்து என்ன விஷயம் என்று கேட்டேன். தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"மூடுபனி எறங்குச்சுன்னா அவ கூப்படறா மாமா. அந்தச் சின்ன ஸ்டேசனுக்குக் கீழ பள்ளம் இருக்குதில்ல, அங்கிருந்து. 'ராசூ… ஓவ்'னு ரெண்டு தடவ. மூணாவது கூப்பட மாட்டேங்கறா."

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் மலையில் மூடுபனிக்குள் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்ல மாட்டோம். ஒரே குரல் மூன்று தடவை கூப்பிட வேண்டும். காத்துக்கருப்பு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது, மூன்றாவது தடவை கூப்பிடுகிறது என்றால் அது நமக்கு வேண்டப்பட்ட ஆள்தான் என்று கணக்கு. தாலுகா ஆபீசுக்குச் சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த கிளார்க் ஒருவர் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மழைக்கால மூடுபனியில் வாசலில் நின்று எத்தனை பேரைக் கூப்பிட்டும் ஒருத்தரும் உள்ளே வராமல் போகவே, இப்போது அவரும் மும்மூன்று தடவை கூப்பிடுகிறார். படித்த பையன்களும் இதில் விதிவிலக்கு இல்லை. பயம் என்று சொல்ல மாட்டேன், வாய் தானாக மூடிக்கொள்ளும்.

மலர் இவனுக்கு அத்தை மகள். சின்ன வயசிலிருந்து பெயர் சொல்லியே கூப்பிட்டுப் பழகியவள், கல்யாணத்துக்குப் பிறகும் யார் திட்டினாலும் மாற்றிக்கொள்ளவில்லை. எடப்புளி நாட்டில் எங்கள் சொந்தக்காரர் காட்டில் களையெடுக்க வந்தாளென்றால், எதிர்ச்சரிவில் நிற்கும் இவனை "ராசூ… ஓவ்" என்று இழுத்துத்தான் கூப்பிடுவாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"மூணாவது கூப்புட்டா என்ன பண்ணுவே மாப்ள?" என்று கேட்டேன்.

"போவேனுங்க" என்றான்.

அந்தப் பள்ளத்தை அன்று காலை வெயிலில் மேலிருந்து பார்த்திருந்தேன். விழுந்தால் எலும்பு தேறாது. நாளைக்கே கிளம்பலாம் என்றேன், இனியாவைச் சொன்னேன், அவன் அக்காவைச் சொன்னேன், கடைசியில் மிரட்டவும் செய்தேன். எல்லாவற்றுக்கும் "நீங்க போங்க மாமா" என்பதுதான் பதில். அன்றிரவு எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு மூடுபனி இறங்கியது. எங்கள் ஊரில் மூடுபனி வந்தால் மரம் நிழலாகவாவது தெரியும். இங்கே தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை, கையை நீட்டினால் கை இருக்கிறதா என்று சந்தேகம் வரும். கீழே எங்கேயோ பாதையில் பனி சரிந்து ரயில் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். ராசுவைத் தேடினேன். மேல் ஸ்டேஷனிலிருந்து ரொட்டி மூட்டைகளை இழுத்து வரும் சறுக்குவண்டியோடு அவன் அந்தச் சின்ன ஸ்டேஷனுக்கு எப்போதோ இறங்கிப் போயிருந்தான். ரயில் வராது என்று தெரிந்த பிறகுதான் போனான் என்று சமையல்காரர் சொன்னார்.

ரயில் பாதையைப் பராமரிக்கும் ஆட்கள் மூன்று பேர் தேடக் கிளம்பினார்கள். தலைவி ரெகுலா என்ற பெண், ஆரஞ்சு நிறச் சட்டை, நாற்பது வயது இருக்கும். நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நடுவில் இருக்கும் பல் தண்டவாளத்தைக் காலால் தடவிக்கொண்டே வர வேண்டும், அதை விட்டு ஒரு அடி விலகினாலும் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். என் ஓட்டை ஆங்கிலத்துக்கே அது நன்றாகப் புரிந்தது.

இறங்கினோம். ஒருவர் "ராசு" என்று கூப்பிடுவார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்போம். கொஞ்சம் நகர்ந்து இன்னொருவர் கூப்பிடுவார். ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு அமைதியாகக் காது கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் முறை. பதிலே இல்லை. குரலை அந்த வெள்ளை அப்படியே தின்றுவிட்டது.

நிறுத்தத்துக்குக் கொஞ்சம் மேலே என் பூட்ஸ் பல்லுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. குனிந்து இழுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் யாரையும் காணோம். மூடுபனிக்குள்ளிருந்து "முத்துசாமி" என்று என் பெயர் வந்தது. நான் அசையவில்லை. கொஞ்சம் தள்ளி மறுபடி வந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த நொடி ரெகுலா என் மீதே வந்து மோதினாள். கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கிறாள்.

"செத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். ஏன் பதில் சொல்லவில்லை?" என்று கத்தினாள்.

"நீங்கள் மூன்று தடவை கூப்பிடவில்லையே" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்பது எனக்கே உறைத்தது. இத்தனை நேரம் இத்தனை பேர் கூப்பிட்டும், ஒரே குரல் அடுத்தடுத்து மூன்று தடவை அவனைக் கூப்பிடவில்லை. அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எங்கள் ஊர்க்காரனாக வாயை மூடிக்கொண்டு எங்கேயோ நின்றிருக்கிறான்.

திக்கித் திணறி ரெகுலாவுக்கு விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை. மற்ற இருவரையும் சைகையால் அமைதியாக்கிவிட்டு, என்னைக் கூப்பிடச் சொன்னாள்.

வாயைத் திறக்கும்போதே ஒரு பயம் பிடித்துக்கொண்டது. நான் ஆரம்பித்தால் மூன்றையும் நானே முடித்தாக வேண்டும். இரண்டோடு நின்றுபோய், மூன்றாவதைப் பள்ளத்திலிருந்து வேறு ஏதாவது கூப்பிட்டுவிட்டால் அவன் போய்விடுவான். இதை நம்புகிறேனா என்று என்னை யாரும் கேட்க வேண்டாம். அந்த வெள்ளைக்குள் நின்றபோது நம்பினேன்.

"ராசூ… ஓவ்."

காத்திருந்தேன். ஒன்றுமில்லை.

"ராசூ… ஓவ்."

மூன்றாவதற்காக நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். குளிர்ந்த காற்று தொண்டையில் ஊசியாக இறங்கி, இருமல் பிடித்துக்கொண்டது. சாதாரண இருமல் இல்லை, குடலைப் புரட்டும் இருமல். இரண்டாக மடங்கிப் பனியில் முட்டி போட்டுவிட்டேன். கூப்பிடு, கூப்பிடு என்று மனசு அடித்துக்கொள்கிறது, சத்தம் வரவில்லை. கண்ணில் நீர் கட்டி ஒன்றும் தெரியவில்லை.

அப்போது கீழேயிருந்து அவன் குரல் வந்தது. "வாரேன்… வாரேன்."

ரெகுலா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். எந்தப் பக்கம் வருகிறான் என்று தெரியாமல் நாங்கள் நின்றிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். பனி நொறுங்கும் சத்தம் கேட்டது. அது பக்கத்தில் வந்தது. சறுக்குவண்டிக் கயிற்றைக் கையில் பிடித்தபடியே ராசு மேலே ஏறி வந்தான். புருவமெல்லாம் வெள்ளையாக இருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், பாதையின் மேல்பக்கம் பார்த்துக்கொண்டே வந்தான். அங்கே யாரும் இல்லை.

ரெகுலா டார்ச்சைப் பிடித்து அவன் வந்த தடத்தைக் காட்டினாள். காலடிகள் பள்ளத்தின் விளிம்புவரை போய், அங்கேயிருந்து திரும்பியிருந்தன. விளிம்புக்கும் கடைசிக் காலடிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

ஹோட்டலில் அவனைப் போர்வைக்குள் சுற்றிப் படுக்கவைத்த பிறகு ரெகுலா என்னிடம் வந்து கை கொடுத்தாள். "உங்கள் மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் பதில் வந்தது" என்றாள். அதை அவள் கேட்டாளா என்றேன். "தெளிவாகக் கேட்டேனே. குரல் மெலிந்து பெண் குரல் மாதிரி வந்தது. குளிர் அப்படித்தான் செய்யும்" என்றாள். நான் தலையை ஆட்டிவைத்தேன். அன்றைக்கு நான் இரண்டு தடவைதான் கூப்பிட்டேன் என்பதைச் சொல்ல எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

நான்காம் நாள் பாதை திறந்தது. பனியில் மரத்துப்போன அவன் கால்விரல்களைக் கீழே டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொல்லி ஹோட்டல் முதலாளியம்மா அனுப்பிவைத்தார். டாக்டரிடம் காட்டப் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டதோடு சரி, ராசு கையில் ஒரு துணிப்பைகூட எடுக்கவில்லை. காட்டிவிட்டுச் சாயங்கால ரயிலில் திரும்பி வந்துவிடுவதாகச் சமையல்காரரிடம் சொல்லிக்கொண்டு ஏறினான். என் மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்தபடி எதிரே உட்கார்ந்தேன்.

அந்தச் சின்ன நிறுத்தத்தில் மணி அடிக்கவில்லை, ரயிலும் நிற்கவில்லை. அதைத் தாண்டியதும் ராசு என் பக்கம் திரும்பினான்.

"மாமா, நேத்து அந்த மூணாவது… நீங்களா கூப்புட்டீங்க?"

உண்மையைச் சொன்னால் இவன் அடுத்த ரயிலிலேயே மேலே ஏறிவிடுவான் என்று எனக்குப் பட்டது. மறுபடி ஒரு மூன்றாவது குரலுக்காக ஆயுசு பூராவும் காத்திருப்பான்.

"நாந்தான் மாப்ள. அங்க வேற யாரு இருக்கா?"

"உங்களுக்கும் மேல இருந்து வந்தாப்ல இருந்துச்சுங்க."

"தொண்டெ கட்டிக்கிச்சு சாமி. அதான் பொம்பளக் குரலாட்டம் கேட்டிருக்கும்."

ராசு என்னையே பார்த்தான். "பொம்பளக் குரல்னு நா சொல்லவே இல்லீங்களே மாமா" என்றான்.

கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்காமல் போனவன் மாதிரி ஆகிவிட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சக்கரம் பல் பல்லாகக் கடித்து இறங்கிக்கொண்டிருந்தது. பனி குறைந்து, ஈரப் பாறைகளும் கருத்த மரங்களும் தெரிய ஆரம்பித்தன.

"எப்பவும் பள்ளத்துப் பக்கமிருந்துதான் கூப்படுவா" என்று ராசு அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நேத்து மேல நின்னு கூப்புட்டுத் திருப்பியுட்டுட்டா."

முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டான்.

"பாப்பா தூக்கத்துல இன்னமும் பல்லக் கடிக்குதுங்களா மாமா?"

கடிக்கிறது என்றேன். ஒரு வருஷத்தில் அவன் மகளைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது.

"ஹோட்டல்ல கெடக்கற பையெ அப்பறமா அனுப்பச் சொல்லிக்கலாங்களா?"

சொல்லிக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. எதிர் இருக்கைக்காரர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

இப்போது ராசு செம்மேட்டில் ஒரு மெஸ் வைத்திருக்கிறான். வாரச் சந்தையன்று உட்கார இடம் கிடைக்காது. பனிக்காலத்திலும் நிம்மதியாக இருக்கிறான், மூடுபனியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பயமெல்லாம் எனக்குத்தான். மூடுபனியில் அவனைக் கூப்பிட வேண்டியிருந்தால், மூன்று தடவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டு முடித்துவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்கள் கிழவனுக்கு என்ன அவசரம் என்று கேலி பேசுகிறார்கள். பேசட்டும். இரண்டோடு நிறுத்திக் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.